செந்நரிக்காகச் செய்த கேமரா, பள்ளிக்கரணை நரிக்கு எவ்வளவு உதவும்?

மரத்திலோ கம்பத்திலோ கட்டி வைத்துவிட்டால், உடல் வெப்பமுள்ள ஏதேனும் ஒன்று முன்னால் நகரும்போது தானே விழித்துக்கொண்டு படமெடுக்கும் இரவுக் கேமராக்கள் இப்போது சென்னையில் எளிதாகக் கிடைக்கின்றன. காடுகளில் புலிக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தப்படும் கருவியின் சிறிய, விலை குறைந்த வகை இது. பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான ஒன்றை ரிச்சி தெருக் கடையொன்றில் வாங்கி, பெரும்பாக்கத்துக்கு அப்பால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தென்பகுதியை ஒட்டி எங்கள் உறவினருக்கு இருக்கும் வேலியிட்ட மனையில் பொருத்தினேன். ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு மார்கழியையும் அது பார்த்துவிட்டது. இவ்வகைக் கேமராக்கள் பலவும் ஏறத்தாழ ஒரே வடிவமைப்பில் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைக் காட்டிலும் அதன் தன்மையைப் பற்றிச் சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

பெட்டியின் மேல் செந்நரி ஒன்றின் படம் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் படத்துக்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்துக்கு இரவில் வந்து போகும் செந்நரியைப் பார்ப்பதற்காகவே இந்தக் கேமராவை வாங்கி வைப்பவர்கள் நிறைய. முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் லண்டனைச் சுற்றிப் புறநகர்கள் பெருகி, வீடுதோறும் பின்புறத் தோட்டமும் புதரும் மரக் கொட்டகையும் வந்தபோது, வயல்வெளிகளில் இருந்த செந்நரி அந்தத் தோட்டங்களுக்குள் குடியேறியது. கொட்டகையின் தரைப்பலகைக்கு அடியில் குட்டி போட்டது; மழை பெய்த இரவில் புல்தரையில் மேலெழும் மண்புழுக்களைத் தின்றது; எலியையும் விழுந்த பழத்தையும் மனிதர் விட்டுச்சென்ற மிச்சத்தையும் தின்றது. பிரிஸ்டல் நகரத்தில் இவற்றைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். 1994-இல் அங்கே சொறிநோய் பரவி நகரத்தின் செந்நரிகளில் மிகப் பெரும்பாலானவை மடிந்துபோனதும், அவை மெல்ல மெல்ல மீண்டதும் அந்த ஆராய்ச்சியில் பதிவாகியுள்ளன. 2011-இல் லண்டனில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஷார்ட் கோபுரத்தின் 72-ஆவது மாடியில் ஒரு செந்நரி கண்டுபிடிக்கப்பட்டது. கட்டட வேலையாட்கள் விட்டுச்சென்ற உணவைத் தின்று அது அந்த உயரத்தில் பிழைத்திருந்தது. மனிதன் எங்கே மிச்சம் வைக்கிறானோ அங்கே வாழக் கற்றுக்கொள்ளும் இந்த விலங்கை மனத்தில் வைத்துத்தான் இந்தக் கேமராவின் அமைப்புகள் தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன என்பது, கையேட்டைப் புரட்டினாலே விளங்கும்.

தமிழ்நாட்டில் செந்நரி இல்லை. இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமானால் லடாக்குக்கோ காஷ்மீருக்கோ ராஜஸ்தான் பாலைவனத்துக்கோ கச்சுக்கோ போக வேண்டும். சேலம் வட்டாரத்தில் வங்காநரி என்று வழங்கும் சிறிய இனம் செந்நரியின் நெருங்கிய உறவு. ஆனால் அது வறண்ட சமவெளியின் விலங்கு. சென்னையில் இன்னும் மிஞ்சியிருப்பது ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய உறவான நரி. கிண்டி தேசியப் பூங்காவிலும் பள்ளிக்கரணையைச் சுற்றியும் அது வாழ்கிறது. ஆகவே இந்த மதிப்புரை விடை தேடும் கேள்வி ஒன்றுதான்: குளிர்நாட்டுச் செந்நரிக்காகச் செய்யப்பட்ட கருவி, நம் ஊர் வெக்கையில் நம் ஊர் நரியைப் பார்க்க உதவுமா?

உதவும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் கணக்குப்படி உதவாது.

இதில் முதன்மையானது வெப்பச் சென்சார். பலரும் நினைப்பதுபோல அது அசைவைப் பார்ப்பதில்லை. தன் முன்னால் இருக்கும் பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிர்களை அளந்துகொண்டே இருந்து, அந்தப் பரப்பின் ஒரு பகுதியில் திடீரென்று வெப்ப வேறுபாடு ஏற்பட்டு நகரும்போது கேமராவை எழுப்புகிறது. பிரிட்டனில் குளிர்கால இரவில் தரையும் காற்றும் சில்லிட்டிருக்கும்போது, ஒரு செந்நரியின் முகமும் கால்களும் அந்தப் பின்னணியில் விளக்கைப் போலத் துலங்கும். சென்னையில் மே மாத இரவில் காற்றே 28 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கிறது. பகல் முழுதும் வெயில் குடித்த மதில் சுவரும் மண்ணும் நள்ளிரவு வரை வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கின்றன. நரியின் மேல்மயிருக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வேறுபாடு அப்போது மிகவும் சுருங்கிவிடுகிறது. சென்சார் 20 மீட்டர் வரை உணரும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. கோடையில் ஆறேழு மீட்டருக்கு அப்பால் போன எதையும் இது பதிவு செய்யவில்லை. அங்கே விலங்கு நடந்தது என்பதைக் காலையில் ஈரமண்ணில் கிடந்த கால்தடம்தான் சொன்னது. மார்கழியில் அதே இடத்தில் அதே உயரத்தில் பன்னிரண்டு மீட்டர் வரை நன்றாக வேலை செய்தது. எனவே பங்குனி முதல் ஆவணி வரை சென்சாரின் கூர்மையை உயர்நிலையில் வைத்து, விலங்கின் வழித்தடத்துக்கு நான்கைந்து மீட்டர் அருகிலேயே கேமராவைக் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பயனர்களின் காணொளிகளில் இந்தச் செய்தி கிடைக்காது. அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பகலில் இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்று உண்டு. கடற்காற்று வீசத் தொடங்கியதும் வெயிலில் காய்ந்த சம்பும் புல்லும் அசைய, அவற்றின் வெப்பத்தை விலங்கென்று எண்ணிக் கேமரா விடாமல் படமெடுக்கிறது. மாலை ஆறு மணி முதல் காலை ஆறரை வரை மட்டும் இயங்குமாறு நேரக் கட்டுப்பாட்டை வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். அந்த வசதி இல்லாத மலிவு வகைகளும் கடைகளில் இருக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம். வடக்கு நோக்கிக் கட்டினால் காலை, மாலை வெயில் நேராகக் கண்ணாடியில் விழாமலும் இருக்கும்.

அடுத்தது இருட்டில் அது பாய்ச்சும் அகச்சிவப்பு ஒளி. இரண்டு வகை விற்கிறார்கள். 850 நானோமீட்டர் வகையில் படம் பளிச்சென்று தொலைவு வரை தெரியும்; ஆனால் ஒளி பாயும்போது விளக்குகள் மங்கலான சிவப்பாக மின்னுவது நம் கண்ணுக்கே தெரியும். 940 நானோமீட்டர் வகையில் அந்த மினுக்கு தெரியாது. படம் சற்று மங்கும், தொலைவும் குறையும். நரி மிகவும் ஐயுறவுள்ள விலங்கு. மினுக்கும் பொருளை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த வழியையே மாற்றிக்கொள்ளக்கூடும். தவிர, இருட்டில் சிவப்பாக மின்னும் பெட்டி மனிதரின் கண்ணையும் ஈர்க்கும். காலையில் கேமரா இருக்காது. நான் 940 வகையையே வாங்கினேன், அதையே பரிந்துரைக்கிறேன்.

படத்தின் தரத்தைப் பற்றிப் பெட்டியில் எழுதியிருக்கும் 48 மெகாபிக்சலும் 4கே-யும் வெறும் எண்கள். உள்ளே இருக்கும் படச் சில்லு மிகச் சிறியது. அது எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கிச் சேமிக்கிறார்கள். அதனால் தெளிவு கூடுவதில்லை, மெமரி கார்டுதான் விரைவில் நிரம்புகிறது. 1080பி காணொளியில் இருபது வினாடிகள் என்று வைத்துக்கொண்டால் போதுமானது. வாங்கும்போது கவனிக்க வேண்டிய உண்மையான எண், விலங்கை உணர்ந்ததிலிருந்து பதிவு தொடங்குவதற்கு ஆகும் நேரம். என்னுடையதில் அரை வினாடிக்குள் என்று போட்டிருந்தாலும் இரவுக் காணொளி தொடங்க ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. நேராகக் குறுக்கே ஓடும் நரியின் வால் நுனி மட்டும் பல பதிவுகளில் கிடைத்திருக்கிறது. வழித்தடத்துக்குக் குறுக்காக வைக்காமல், அதன் போக்கிலேயே சாய்வாக நோக்கி முழங்கால் உயரத்தில் வைத்தால் விலங்கு கேமராவை நோக்கி வரும், அல்லது அதிலிருந்து விலகிப் போகும். முழு உருவமும் கிடைக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இது எதைக் காட்டியது என்று சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையடையாது.

தை மாதத்தில் பதிவான ஒரு துண்டு என்னிடம் இருக்கிறது. சம்பு விலகுகிறது, நரி வெளியே வந்து ஒரு முன்காலைத் தூக்கியபடியே நிற்கிறது. தலை அசையவில்லை, வலக்காது மட்டும் தரைப்பக்கம் திரும்புகிறது. பிறகு மூக்கைச் சேற்றில் நுழைத்து, முன்காலால் விரைந்து தோண்டி, ஒரு நண்டைக் கவ்வி இழுக்கிறது. நண்டு அதன் உதட்டைக் கிடுக்கியால் பற்றிக்கொள்கிறது. நரி தலையை இரண்டு பக்கமும் உதறி, நண்டைக் கீழே போட்டு, ஒரு காலால் அழுத்திக்கொண்டு, முதலில் கிடுக்கிகளைக் கடித்து அப்பால் தள்ளிவிட்டுத்தான் உடலைத் தின்கிறது. இருபது வினாடிகளில் முடிந்துபோகும் இந்தக் காட்சியை, விடிய விடிய அங்கே உட்கார்ந்திருந்தாலும் நான் கண்ணால் பார்த்திருக்க முடியாது. நான் இருந்தால் அது வந்திருக்காது. இந்த ஒரு துண்டுக்காகவே கொடுத்த விலை தகும் என்று நான் கருதுகிறேன்.

இதைவிடப் பெரிய பயன், துண்டுகளை நேரவாரியாக அடுக்கிப் பார்த்தபோது கிடைத்தது. மனைக்கு வெளியே சாலையோரத்தில் யாரோ இரவு பதினோரு மணிவாக்கில் கோழிக்கழிவைக் கொட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. அந்தக் காலத்துப் பதிவுகளில் நள்ளிரவு வரை தெருநாய்களே நிறைந்திருக்கின்றன. நரி விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான், அதுவும் வேலியின் மறுபக்கத்தில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வருகிறது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து பேசி, கழிவு கொட்டுவது நின்ற சில வாரங்களில் நாய்களின் நடமாட்டம் குறைந்தது; நரி இரவு ஒன்பது, பத்து மணிக்கே தென்படத் தொடங்கியது. ஒரு மனையில் ஒரு கேமரா காட்டியதை ஊருக்கெல்லாம் பொதுவாக்க முடியாதுதான். ஆயினும், லண்டனில் செந்நரிக்குக் கிடைத்த இடம் சென்னையில் ஏன் நரிக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு இதில் ஒரு விடை தெரிகிறது. லண்டன் தெருக்களில் உரிமையாளர் இல்லாத நாய்க்கூட்டம் கிடையாது; மனிதர் விட்ட மிச்சம் செந்நரிக்கு வந்தது. நம் தெருக்களில் அந்த மிச்சத்தைத் தெருநாயும் பெருச்சாளியும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. நரிக்கு நாயின் கூட்டம் மட்டும் பகையில்லை. வெறிநோயும் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயும் நாயிடமிருந்து அதற்குத் தொற்றக்கூடியவை. ஐரோப்பாவிலோ நரி இப்போது பால்கன் பகுதியிலிருந்து வடக்கே பரவி, டென்மார்க், எஸ்டோனியா வரை போய்ச் செந்நரியின் நிலத்துக்குள்ளேயே இடம்பிடித்துக்கொண்டிருக்கிறது. திறமையில் அது செந்நரிக்குக் குறைந்ததன்று. இங்கே அதற்கு நாம் விட்டுவைத்த இடம்தான் குறைவு. சதுப்பு நிலத்தின் மீதே அமைந்த பெருங்குடிக் குப்பைக் கிடங்கை ஒருமுறை சுற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கையேட்டில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத பகுதி ஒன்று உண்டு. விலங்கை வரவழைக்கக் கேமராவின் முன்னால் நாய் உணவோ இறைச்சியோ வைக்கச் சொல்கிறது. பிரிட்டனில் செந்நரிக்கு உணவு வைக்கும் வீடுகள் பல உண்டு. மேற்கு ஐரோப்பாவில் வெறிநோயை ஒழிக்கத் தடுப்பு மருந்து வைத்த இரைகளைக் காடுகளில் போட்டு, 1978-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய முயற்சி பல நாடுகளுக்குப் பரவி வெற்றி கண்டது; அங்கே ஒருவர் தோட்டத்தில் உணவு வைப்பதன் விளைவு வேறு. இங்கே வெறிநோய் இன்னும் உயிர்களைப் பலிகொள்கிறது. மீன் கழிவையோ இறைச்சியையோ வைத்தால் முதலில் வருபவை நாய்கள்; பின்னால் வரும் நரி நாயோடு ஒரே தட்டில் வாய் வைக்கும். இரை வைக்காமல், நீர் தேங்கும் ஓரத்தையும் வேலியில் விலங்கு நுழையும் இடுக்கையும் பார்த்து வைத்தாலே போதும். விற்பனையாளர்கள் இந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு நம் நாட்டுக்கு ஏற்ற ஒரு தமிழ்த் தாளைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மழைக்காலத்தைப் பற்றி. தூசும் நீரும் உள்ளே புகாது என்பதைக் காட்டும் ஐபி66 என்ற குறியீடு பொய்யில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள்ளே ஒரு சொட்டும் புகவில்லை. ஆனால் மழை விட்டதும் காற்றின் ஈரத்தில் கண்ணாடியின் உட்புறம் பனிபடர்ந்தது. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, மாதம் ஒருமுறை மாற்றி வந்தால் இது வராது. தண்ணீர் புகாத இடத்திலும் எறும்பு புகும் என்பதுதான் எதிர்பாராத செய்தி: பூட்டுக் கொக்கியின் அருகே உள்ள ரப்பர் விளிம்பின் வழியாகச் சிற்றெறும்புகள் நுழைந்து பேட்டரி அறையில் முட்டைகளோடு குடியேறிவிட்டன. கட்டும் பட்டையின் இரு முனைகளிலும் மணமில்லாத வாஸ்லினைத் தடவிய பிறகு அவை ஏறவில்லை. மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் போன்றவற்றைத் தடவக் கூடாது. அந்த நெடிக்கு நரி அண்டாது. உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் பச்சைபிடிப்பதையும் பார்த்துத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பேட்டரியில் சிக்கனம் பார்ப்பது வீண். எட்டு ஏஏ பேட்டரிகள் தேவை. சாதாரண ரீசார்ஜ் பேட்டரிகள் 1.2 வோல்ட்டு மட்டுமே தருவதால் இரவில் அகச்சிவப்பு ஒளி மங்கிவிடுகிறது. அல்கலைன் வகை சென்னைக் கோடையில் நாள்பட்டால் கசிகிறது. விலை கூடுதலானாலும் லித்தியம் ஏஏ சிறந்தது. கடைக்காரர் முதலில் காட்டிய மெமரி கார்டு போலியானது. 128 ஜிபி என்று அச்சிட்டிருந்ததில் சில நூறு படங்களுக்குப் பிறகு எல்லாம் கெட்டுப்போயின. மாற்றித் தந்தாலும் அதற்காக இருமுறை அலைய வைத்தார்கள். நம்பகமான 32 ஜிபி கார்டு ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. ஓராண்டு உத்தரவாதம் என்பது கடை முத்திரை வைத்த ரசீது இருந்தால் மட்டுமே செல்லும்.

எங்கே வைக்கலாம் என்பதில் எச்சரிக்கை தேவை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி வனத்துறையின் காப்புக்காடு. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கிண்டியோ தேசியப் பூங்கா. இவற்றின் உள்ளே அனுமதியில்லாமல் கேமரா வைப்பதும் நுழைவதும் குற்றம். சொந்த மனை, உறவினர் நிலம், நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்ட கல்லூரி அல்லது குடியிருப்பு வளாகம் ஆகியவற்றில் மட்டுமே வையுங்கள். அடுத்த வீட்டு வாசலோ பொதுவழியோ படத்தில் விழாமல் தாழ்வாக நோக்கிக் கட்டுங்கள். எங்கள் மனைக்கு அடுத்த வளாகத்தின் காவலாளிக்குப் பதிவுகளைக் காட்டியபோது, “நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து பிடுங்காம இருந்தாச் சரி சார்” என்றார். அதன் பிறகு கேமராவை என்னைவிட அக்கறையோடு அவர்தான் கவனித்துக்கொள்கிறார். சுற்றியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது திருட்டிலிருந்தும் வீண் ஐயத்திலிருந்தும் கேமராவைக் காக்கும்.

நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அதை வைத்து நரிக்கொம்பு என்று சொல்லி எதையெதையோ தாயத்தாக விற்கிறார்கள். நரிக்குக் கொம்பே கிடையாது. அந்தப் பேரில் விற்கப்படுபவை எலும்பும் தோலும் மயிரும் சேர்த்துச் செய்தவை. இதற்காக நரிகளைப் பிடித்துக் கொல்வதும் நடக்கிறது. நரியும் செந்நரியும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை; பிடிப்பதும் உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆகவே கேமரா பதிவு செய்ததை வாட்ஸ்அப் குழுக்களில் இடப்பெயரோடு பகிர வேண்டாம். இந்தக் கேமராவில் படத்தின் அடிப்பட்டையில் நாள், நேரம், வெப்பநிலை ஆகியவற்றோடு நாம் இடும் பெயரும் அச்சாகும். அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். பார்த்த உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவேற்றும்போது துல்லியமான இடத்தை மறைக்கும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தால் ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் பயன்படும், நரிக்கும் கேடில்லை.

வீட்டு மொட்டைமாடியிலோ அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்திலோ வைப்பதற்காக இதை வாங்க வேண்டாம். அதற்குச் சாதாரண சிசிடிவி போதும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர், வண்டலூர் பக்கம் புதரோ நீர்நிலையோ ஒட்டிய நிலம் உள்ளவர்களுக்கும், மரங்கள் அடர்ந்த வளாகங்களில் வேலை செய்பவர்களுக்கும், சென்சார் தொலைவின் குறையைத் தெரிந்துகொண்டே வாங்கலாம் என்று சொல்வேன். நரி வராவிட்டாலும் கீரியும் மரநாயும் புனுகுப்பூனையும் வரக்கூடும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கோடையில் சென்சார் வலுவிழப்பதற்கு ஒன்றும், ஊதிப் பெரிதாக்கிய மெகாபிக்சல் கணக்குக்கு அரையும் குறைத்திருக்கிறேன். வாங்கும்போது கடையிலேயே பேட்டரி போட்டு, விளக்கை அணைக்கச் சொல்லி, நான்கு மீட்டர் தொலைவில் ஒருவரை நடக்கவிட்டு இரவுப் பதிவைச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள்.